தொம்மலூர்த் திரைகளில் ஒரு வியப்புக்குறி

கணிப்பொறியில் நிரல் எழுதுவோர் அன்றாடம் கையாளும் கருவிகளுள் இரண்டு மிகப் பழமையானவை. ஒன்று, எழுத்தைத் தட்டவும் திருத்தவும் பயன்படும் எடிட்டர். மற்றொன்று, கட்டளைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கணிப்பொறியைக் கொண்டு நிறைவேற்றித் தரும் ஷெல். கோப்புகளைப் பட்டியலிடுவதும், வரிகளை வரிசைப்படுத்துவதும், எழுதிய நிரலை இயங்கு வடிவத்துக்கு மாற்றுவதும் ஷெல்லின் வழியே நடக்கும் வேலைகள். இவ்விரண்டும் தனித்தனி நிரல்களாதலால், ஒன்றில் இருப்பவர் மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமானால் முதலாவதை மூடிவிட்டுத்தான் செல்ல வேண்டும் என்பதே தொடக்க காலத்து நிலையாக இருந்தது. அந்த நிலையிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது: எடிட்டரை விட்டு வெளியேறாமல், அதற்குள் இருந்தபடியே ஒரு வியப்புக்குறியைத் தட்டி, அதை அடுத்து ஷெல் கட்டளையை எழுதி, விடையைப் பெற்றுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்தே எழுத்தைத் தொடர்வது. பெங்களூரின் கிழக்கே பழைய விமான நிலையச் சாலையை ஒட்டிய தொம்மலூரின் மென்பொருள் அலுவலகங்களில் இன்று கைப்பழக்கமாகவே நடக்கும் இச்செயல், ஒருவருக்கு ஒரு முனையத்துக்கு மேல் கிடைக்காத காலத்தின் வறுமையில் தோன்றியது. வறுமை நீங்கிய பின்னும் அது மறையாததற்குக் காரணம், அது ஒரு வசதியாக மட்டும் நில்லாமல் ஒரு வேலைப் பங்கீடாகவும் அமைந்துவிட்டதே ஆகும்.

இவ்வழக்கத்தின் இரு பாதிகளும் ஒரே கணிப்பொறியிலிருந்து வந்தவை என்பது கருதத்தக்கது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1960களின் நடுப்பகுதியில் எஸ்.டி.எஸ். 940 என்னும் பொறிக்காகப் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் 'கியூ.இ.டி.' என்ற எடிட்டரை எழுதினர். அதே பொறியின் காலப்பகிர்வு அமைப்பில், அதாவது பலர் ஒரே கணிப்பொறியை மாறி மாறிப் பயன்படுத்த வழிசெய்யும் அமைப்பில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னைப் போன்ற இன்னொன்றைக் கிளைக்கச் செய்யும் 'ஃபோர்க்' என்ற முறையும் இருந்தது. பெர்க்லியில் பயின்ற கென் தாம்சன் பெல் ஆய்வகத்துக்குச் சென்றபின் கியூ.இ.டி.யைத் தம் போக்கில் மீண்டும் எழுதினார். 1969இல் பழைய பி.டி.பி. 7 பொறியொன்றில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியபோது, கியூ.இ.டி.யைச் சுருக்கி 'ஈ.டி.' என்னும் சிறிய எடிட்டராக்கினார். இயங்குதளத்தின் கருவுக்கு ஒரு வாரம், ஷெல்லுக்கு ஒரு வாரம், எடிட்டருக்கு ஒரு வாரம், அசெம்பிளருக்கு ஒரு வாரம் என, மனைவியும் குழந்தையும் ஊருக்குச் சென்றிருந்த ஒரே மாதத்தில் அவர் நான்கையும் முடித்தார் என்பது யூனிக்ஸ் வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. எடிட்டரும் ஷெல்லும் ஒரே கையில், அடுத்தடுத்த வாரங்களில் உருவானவை என்பதால், அவற்றுக்கிடையே ஒரு வாசல் திறக்கப்பட்டது இயல்பே.

அந்த வாசலின் தேவையை உணர, அக்காலத்து முனையம் எத்தகையது என்பதை அறிந்திருக்க வேண்டும். பெல் ஆய்வகத்தினர் பயன்படுத்திய டெலிடைப் 33 என்பது திரையற்ற பொறி. தட்டியதையும் விடையையும் காகிதச் சுருளில் நொடிக்கு 10 எழுத்து என்ற வேகத்தில் அடித்துத் தரும். எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கோப்பின் பெயர் மறந்துவிட்டால், எழுதியதைச் சேமித்து, எடிட்டரை மூடி, ஷெல்லுக்கு வந்து பட்டியலைக் கேட்டு, அது மெல்ல அச்சாகும்வரை காத்திருந்து, மறுபடியும் எடிட்டரைத் திறந்து, எழுதிய இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இத்தனை அலைச்சலையும் ஒரே குறி தவிர்த்தது. ஈ.டி.யில் வரியின் தொடக்கத்தில் வியப்புக்குறியை இட்டால், அதை அடுத்து வரும் எழுத்து முழுவதும் திருத்தத்துக்குரியதன்று, ஷெல்லுக்குரியது எனக் கொள்ளப்பட்டது. எடிட்டர் ஃபோர்க் முறையால் ஒரு கிளையை உண்டாக்கும். அக்கிளை தன் உருவை விட்டு ஷெல்லாக மாறிக் கட்டளையை நிறைவேற்றும். மூல எடிட்டர் அதுவரை தன் நினைவகத்திலுள்ள எழுத்து எதுவும் கலையாமல் உறங்கிக் காத்திருக்கும். வேலை முடிந்ததும், முடிந்தது என்பதற்கு அடையாளமாக எடிட்டர் ஒற்றை வியப்புக்குறியைத் தனி வரியில் அடித்துக் காட்டும். பி.டி.பி. 7இல் ஃபோர்க் முறையை நிறுவுவதற்குச் சரியாக 27 வரி அசெம்பிளி நிரலே தேவைப்பட்டது என்று, யூனிக்ஸ் உருவாக்கத்தில் தாம்சனின் துணைவரான டெனிஸ் ரிட்சி பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் உலகெங்கும் பரவிய ஒரு பழக்கம் இத்தனை சிறிய அடித்தளத்தின் மேல் நின்றது.

எனினும் ஈ.டி.யின் வியப்புக்குறி எட்டிப் பார்த்துவிட்டு வரும் சாளரம் மட்டுமே. வெளியே கண்டதை உள்ளே கொண்டுவர அதனால் இயலவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் கருத்து வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு நிரலின் விடையை மற்றொரு நிரலின் உள்ளீடாக ஊற்றும் 'பைப்' என்ற குழாய் முறை, பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராயின் பல ஆண்டு வற்புறுத்தலுக்குப் பின் 1973இல் யூனிக்ஸில் சேர்ந்தது. அதன்பின் நிரல் என்றால் ஒரு முனையில் எழுத்தை வாங்கி, மாற்றி, மறுமுனையில் வெளியிடும் வடிகட்டி என்னும் எண்ணம் வேரூன்றியது. ஈ.டி.யின் தேடும் பகுதியைத் தனியே பிரித்துத் தாம்சன் ஆக்கிய 'கிரெப்' அத்தகைய வடிகட்டிகளுள் ஒன்று; எடிட்டரின் உறுப்பாக இருந்தது வெளியே சென்று தனிக் கருவியாயிற்று. அப்படி வெளியே சென்ற கருவிகளை எடிட்டருக்குள்ளிருந்தே அழைத்து, எழுத்தை அவற்றிடம் கொடுத்து, மாறிய எழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன என்பதே அடுத்த தலைமுறை எழுப்பிய வினா.

விடை பெர்க்லியில் கிடைத்தது. இலண்டன் குவீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ், ஈ.டி.யின் சுருக்கக் கட்டளைகள் மானிடர்க்கு உரியவை அல்ல என்று கருதி, 'மானிடர்க்கான எடிட்டர்' என்னும் பொருளில் 'எம்' என்ற ஒன்றை எழுதினார். 1976 கோடையில் அவர் பெர்க்லிக்கு வந்தபோது அது பில் ஜாய் என்ற மாணவரின் பார்வைக்கு வந்தது. சக் ஹேலியுடன் சேர்ந்து ஜாய் அதை வளர்த்து 'எக்ஸ்' என்ற எடிட்டராக்கினார். அதன் திரைவடிவமே 1979இல் பெர்க்லி வெளியீட்டின் இரண்டாம் தொகுப்பில் 'வி.ஐ.' என்ற பெயரோடு வெளிவந்தது. ஜாய் வீட்டிலிருந்து பயன்படுத்திய ஏ.டி.எம். 3ஏ முனையத்தில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. தொலைபேசி வழி இணைப்போ 300 பாட் வேகமுடையது, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து தருவது. முழுத் திரையையும் ஒருமுறை வரைய ஒரு நிமிடத்துக்கு மேலாகும் இந்த நிலையில், தட்டும் எழுத்து ஒவ்வொன்றும் விலைமதிப்புடையதாயிற்று.

வியப்புக்குறி வி.ஐ.யில் மூன்று பொருள் பெற்றது. தனியே இட்டால் பழையபடி கட்டளை ஓடி விடை திரையில் தோன்றும். படிக்கும் கட்டளையோடு சேர்த்தால், விடை எழுத்தின் நடுவே வந்து அமரும். நாள் காட்டும் நிரலை இவ்வாறு அழைத்துக் கடிதத்தின் தலைப்பில் தேதியிடுவது புதியவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடம். மூன்றாவது பயன்பாடே இவ்வரலாற்றின் உச்சம் எனலாம்: வரிகளின் ஒரு பகுதியைக் குறிப்பிட்டு வியப்புக்குறியும் கட்டளையும் தந்தால், அவ்வரிகள் குழாய் வழியே வெளியே சென்று, வடிகட்டியில் புகுந்து, மாறிய உருவில் அதே இடத்துக்குத் திரும்பும். வரிசைப்படுத்தும் 'சார்ட்' என்ற நிரலை எழுதியவர் எடிட்டரைப் பற்றி ஏதும் அறியார். எடிட்டரை எழுதியவர் வரிசைப்படுத்தலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆயினும் பெயர்ப் பட்டியல் ஒன்று கண்ணிமைப்பதற்குள் அகரவரிசைக்கு வந்துவிடுகிறது. எல்லாத் திறனையும் தன்னுள் அடக்க முயலாமல், தெரிந்தவரிடம் கேட்டுப் பெறுவதே எடிட்டரின் கடமை என்னும் தெளிவு இதில் உள்ளது.

இத்தெளிவுக்கு நேர் மாறான வழியும் அதே பத்தாண்டில் தோன்றியது. எம்.ஐ.டி.யில் 1976இல் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய ஈமாக்ஸ், பின்னர் ஸ்டால்மன் தம் கட்டற்ற மென்பொருள் திட்டமான ஜி.என்.யூ.வுக்காக 1984இல் தொடங்கி எழுதிய ஜி.என்.யூ. ஈமாக்ஸ் ஆகியவை எடிட்டரையே ஓர் உறைவிடமாகக் கருதின. அங்கே ஷெல்லும் ஒரு பக்கமாகத் திறந்து, அதன் விடைகள் எடிட்டரின் மற்ற எழுத்தைப் போலவே திருத்தத்தக்கவையாக ஆகின்றன. ஆயினும் அந்தப் பெரிய வீட்டிலும் வியப்புக்குறிக்கு இடம் இருந்தது: மெட்டா விசையோடு அதைத் தட்டினால் ஷெல் கட்டளை ஓடும், குழாயைக் குறிக்கும் நெடுங்கோட்டைத் தட்டினால் குறிப்பிட்ட பகுதி வடிகட்டிக்குச் செல்லும். போட்டியாளர்களாகப் பேசப்படும் இரு மரபுகளும் ஒரே குறியைப் பொதுவில் வைத்திருப்பது, அக்குறி எத்துணை நிலைபெற்றுவிட்டது என்பதற்குச் சான்று.

இந்தியாவில் இவ்வழக்கம் வேரூன்றிய சூழல், அது பிறந்த சூழலை வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தது. 1978இல் ஐ.பி.எம். நாட்டை விட்டு வெளியேறியபின் எச்.சி.எல்., விப்ரோ போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் கணிப்பொறி செய்ய முன்வந்தன. எந்தவொரு பொறிக்கும் கட்டுப்படாத யூனிக்ஸ், விலை குறைந்த நுண்செயலிகளின் மேலும் ஓடக்கூடியதாக இருந்ததால், அவர்களுக்கு ஏற்றதாயிற்று. ஒரு பெட்டியும் அதிலிருந்து கம்பி வழியே செல்லும் சில எளிய முனையங்களும் என்பதே 1980களின் யூனிக்ஸ் அமைப்பு. ஆளுக்கு ஒரு முனையம், முனையத்துக்கு ஒரு திரை, திரையில் ஒரு வேலை. இப்பொறிகளில் வி.ஐ.யைக் கற்ற ஒருவருக்கு வியப்புக்குறி அலங்காரமன்று, அன்றாடத் தேவை. பெங்களூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்களோடும் மும்பையின் என்.சி.எஸ்.டி. என்னும் மென்பொருள் ஆய்வு நிறுவனத்தோடும் சேர்ந்து எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பின் தொடக்க உறுப்பாயிற்று. பின்னர்க் கல்லூரிகளில் யூனிக்ஸ் பாடமாயிற்று. சுமிதாபா தாஸின் யூனிக்ஸ் பாடநூல் மாணவர் கைகளில் பரவலாகப் புழங்கியது. 2001இல் தொடங்கிய 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களை ஆண்டுதோறும் அந்நகரில் கூட்டியது.

தொம்மலூர் இந்த வரைபடத்துள் வந்ததற்கு அதன் இருப்பிடமே முதற்காரணம். எச்.ஏ.எல். விமான நிலையம் 2008 மே மாதம் வரை நகரின் பயணிகள் விமான நிலையமாக இருந்ததால், அதற்குச் செல்லும் சாலையோரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களை எதிர்பார்க்கும் அலுவலகங்கள் எழுந்தன. கோரமங்களாவையும் இந்திராநகரையும் இணைக்கும் உள்வட்டச் சாலை அவ்விடத்தை மேலும் அணுக்கமாக்கியது. கோல்ஃப் மைதானத்தை ஒட்டி எழுந்த எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்தில் ஐ.பி.எம்., யாஹூ, மைக்ரோசாஃப்ட் போன்றவை இடம்பெற்றன. அதன் கட்டடங்கள் டாரி பைன்ஸ், பெபிள் பீச் எனக் கலிபோர்னியத் திடல்களின் பெயர்களைத் தாங்குகின்றன. வளாகத்துக்கு அப்பால், தொம்மலூர் இரண்டாம் நிலையின் குடியிருப்புத் தெருவில், 2008இல் தொடங்கப்பட்ட இணையம் மற்றும் சமூக மையம் இயங்கியது. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு அது அளித்த ஆதரவு தனியே எழுதத்தக்கது.

ஆனால் எழுத்துக்கும் இவ்வூருக்கும் உள்ள தொடர்பு கணிப்பொறியோடு தொடங்கியதன்று. தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில், பெயரைக் கேட்டதும் சிவன் கோயில் என்று தோன்றினும் உண்மையில் திருமாலுக்குரிய அக்கோயிலில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஹொய்சள வீரராமநாதன் காலத்தவை அவற்றுள் அடங்கும். இறைவன் சொக்கப்பெருமாள் என்றும், ஊர் தேசிமாணிக்கப்பட்டணமான தொம்பலூர் என்றும், அது இராசேந்திர சோழ வளநாட்டு இலைப்பாக்க நாட்டைச் சேர்ந்தது என்றும் அவை சொல்லும். பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை அச்சில் கொண்டுவந்தது. கல்லில் வெட்டியபின் திருத்த முடியாத எழுத்துக்கும், நொடிதோறும் திருத்தப்படும் திரையெழுத்துக்கும் இடையே ஏழு நூற்றாண்டு இருந்தும், இரண்டும் இவ்வூரில் ஒரு சிறு நடைத்தொலைவில் இருக்கின்றன.

அக்கல்வெட்டுகளின் பாடத்தையோ ஒரு தமிழ்ச் சொற்பட்டியலையோ வி.ஐ.யில் வைத்து வியப்புக்குறி வழியே வடிகட்டிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பது, இவ்வழக்கத்தின் வரலாற்றில் தமிழுக்கு மட்டும் உரிய பகுதி. எண்ணும் நிரலான 'டபிள்யூ.சி.'க்குத் 'தொம்மலூர்' என்ற சொல்லை அனுப்பினால், தமிழ் இலக்கணப்படி தொ, ம், ம, லூ, ர் என ஐந்து எழுத்தேயான சொல்லுக்கு அது, வரி முடிவுக் குறி நீங்கலாக, 9 குறிகள் என்று விடை தரும். ஒற்றைக்கொம்பும் காலும் இணைந்த உயிர்க்குறி, ஊகாரக்குறி, இரு புள்ளிகள் ஆகியவை தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். பைட்டுகளைக் கேட்டால், அக்குறி நீங்கலாகவே, 27 என்னும். கன்னடத்தார் ஈற்றில் உகரம் சேர்த்துத் 'தொம்மலூரு' என்று தம் எழுத்தில் எழுதினாலும், புள்ளியின் இடத்தை உகரக்குறி எடுத்துக்கொள்வதால், அதே 9, அதே 27 கிடைக்கும்.

வரிசைப்படுத்தும்போது சிக்கல் இன்னும் ஆழமாகிறது. அரம், அலை, அறம் என்பது தமிழ் அகராதி வரிசை. ஷெல்லின் மொழிச்சூழல் வெறும் எண்வரிசையாக அமைந்திருந்தால் 'சார்ட்' அரம், அறம், அலை என்று தரும். பழத்துக்குப் பின் வர வேண்டிய பனை முன்னே வரும். இது நிரலின் பிழையன்று. இந்திய எழுத்துகள் அனைத்தையும் தேவநாகரி அடுக்கில் வைத்த 1980களின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி யூனிகோடு தமிழ் அட்டவணை அமைந்ததால், றகரம் ரகரத்தின் அருகிலும் னகரம் நகரத்தின் அருகிலும் இடம்பெற்றன. மொழிச்சூழல் தமிழாக அமைந்து, அதற்குரிய வரிசை விதிகளும் கணிப்பொறியில் இருந்தால் இது சரியாகும். யூனிகோடுக்கு முன் புழங்கிய திஸ்கி குறியேட்டில் கொம்பு, பார்வைக்கு முன்னே வருவதால் சேமிப்பிலும் முன்னே வந்தது. அங்கே வடிகட்டியால் வரிசைப்படுத்த முயல்வதே வீண். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தாம், தாப் என்ற குறியேடுகளும் வந்தபின், ஒரே சொல் ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு பைட்டு வரிசையாகக் கிடந்தது.

இந்தக் குழப்பத்திலிருந்து வடிகட்டி மரபைத் தமிழுக்கும் திறந்துவிட்டது யூ.டி.எஃப். 8 என்னும் குறியாக்க முறை. பழைய ஆங்கில எழுத்துகளின் பைட்டுகளை மாற்றாமல், மற்ற எழுத்துகளை அவற்றோடு மோதாத பைட்டுத் தொடர்களாக எழுதுவதால், குழாய்களும் பழைய வடிகட்டிகளிற் பலவும் தமிழைத் தாமறியாமலே சிதைக்காமல் கடத்துகின்றன. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், மேசைத்தாளில் பெல் ஆய்வகத்து ராப் பைக்குடன் இருந்து இதை வடிவமைத்தவர் கென் தாம்சன். ஈ.டி.யின் வியப்புக்குறியும் அதன் வழியே தமிழ் சென்றுவரத் தேவையான குறியாக்கமும் ஒரே மனிதரின் கைப்பட அமைந்தன என்பது தமிழ்க் கணிமை வரலாற்றில் இன்னும் போதிய அளவு சொல்லப்படாத செய்தி. எனினும் இதை முழு வெற்றி என்று கூற இயலாது. ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக மாற்றும் 'டி.ஆர்.' நிரலின் ஜி.என்.யூ. வடிவம் பைட்டு பைட்டாகவே வேலை செய்வதால் தமிழுக்கு இன்னும் உதவாது.

திறந்த வாசலுக்கு உரிய இடரும் உண்டு. 1980இல் பஃபலோவில் தோன்றிய 'சூடோ' என்னும் நிரல், முழு அதிகாரம் இல்லாத ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு கட்டளையை மட்டும் முழு அதிகாரத்துடன் இயக்க இசைவு தருவது. அந்தக் கட்டளை வி.ஐ.யாக இருந்துவிட்டால், அதற்குள் வியப்புக்குறியிட்டு ஷெல்லை அழைப்பவருக்குக் கணிப்பொறி முழுவதும் கைவசமாகிவிடும். இதற்காகவே ஷெல்லை அழைக்க மறுக்கும் 'ரெட்' என்ற கட்டுப்பட்ட ஈ.டி.யும், வி.ஐ. மரபு எடிட்டரான விம்மின் கட்டுப்பட்ட வடிவமான 'ஆர்விம்'மும், எடிட்டரை அதிகாரமின்றி ஓடவிட்டுக் கோப்பை மட்டும் மாற்றித் தரும் 'சூடோஎடிட்' முறையும் வந்தன.

விம் என்பது நெதர்லாந்தின் பிராம் மூலனார் அமீகா கணிப்பொறிக்காகத் தொடங்கி 1991இல் வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை பேணிய வி.ஐ. மரபு எடிட்டர். அதன் பயனர் பலருக்கு அறிமுகமான கிரெப் இணைப்பு, எடிட்டருக்குள்ளிருந்தே கிரெப்பை ஓட்டி, கிடைத்த வரிகளுக்கு ஒவ்வொன்றாகத் தாவ உதவுவது; அதை எழுதியவர் ஏகப்பன் லட்சுமணன், விம்மின் வளர்ச்சியில் நெடுங்காலம் பங்குகொண்டவர். திரைக்குள் முழு ஷெல்லையும் ஒரு பலகமாகத் திறக்கும் வசதி 2016இல் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கோடிலும், 2018 மே மாதம் வந்த விம் 8.1இலும் சேர்ந்தது. இன்று ஒரே திரையில் எடிட்டரும் ஷெல்லும் அருகருகே நிற்க முடியும். வியப்புக்குறி பிறந்ததன் காரணம் அகன்றுவிட்டது. பலகத்தில் ஓடும் கட்டளை விடையைக் காட்டுவதோடு நிற்க, வியப்புக்குறி மட்டுமே எழுத்தை எடுத்துச் சென்று மாற்றி அதே வரியில் திரும்ப வைக்கிறது என்பதால், தொம்மலூரில் இரண்டு பெரிய திரைகளை முன்வைத்து அமர்ந்திருக்கும் நிரலாளரும் நீண்ட பட்டியலை வரிசைப்படுத்தும்போது அக்குறியையே நாடுகிறார்.

தொம்மலூர் நிரலாளர்களின் லினக்ஸ் கணிப்பொறிகளில் ஜி.என்.யூ. ஈ.டி.யை நிறுவிக்கொள்ளலாம். அதைத் திறந்து, வியப்புக்குறியிட்டு நாள் காட்டும் கட்டளையைத் தந்தால், முதல் வரியில் அன்றைய தேதி தோன்றும்; அடுத்த வரியில், டெலிடைப்பின் காகிதச் சுருளில் அச்சானதைப் போலவே, ஒற்றை வியப்புக்குறி தோன்றும்.